துரையை உட்காரச் சொன்னவர்

கண்ணாடிக்காரர் அந்த மாதம் எத்தனை முறை முடி வெட்டிக்கொண்டார் என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. முதலில் காதோரம் குறைந்தது. பிறகு பின்கழுத்து வெளுத்தது. அப்புறம் உச்சி மெலிந்தது. இனி வெட்டுவதற்குப் புருவம் மட்டும்தான் பாக்கி என்ற நிலையில் ஒருநாள் காலை வீட்டுக்குள் நுழைந்தார்.

சீருடைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

“மறுபடியுமா?”

“இல்ல, லேசா பின்னாடி மட்டும்…”

“வெட்டுறதுக்கு இன்னும் என்ன இருக்குன்னு அந்த மனுஷன் வெட்டுறாரு? என்னங்க, உண்மையச் சொல்லுங்க. அந்த சலூன்ல உங்களுக்கு அப்படி என்ன வேலை?”

பக்கத்தில் நின்ற துரை பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது.

துரை என்பது நாய். மனைவியின் அக்காவுக்குத் தொலைவில் ஒரு வேலை கிடைத்தபோது, “கொஞ்ச நாள் பாத்துக்கோடி” என்று கொண்டுவந்து விட்டுப்போனது. செம்பட்டை நிறம், கன்றுக்குட்டி உயரம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், மறு காது மடங்கியிருக்கும். யாரோ சொன்ன பொய்யைப் பாதி நம்புவது போன்ற முகம். கயிற்றின் ஒரு முனையில் துரை, மறு முனையில் கண்ணாடிக்காரர் என்று இருவரும் காலையில் தெருவில் இறங்கினால், யார் யாரை அழைத்துப்போகிறார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. துரை சைக்கிள் கடைக்குப் போக நினைத்தால் அவரும் சைக்கிள் கடைக்குப் போனார். துரை குப்பைத்தொட்டியைச் சுற்ற நினைத்தால் அவரும் சுற்றினார். கடைசியில் துரை சலூன் கதவைத் தலையால் முட்டித் திறந்து, மின்விசிறிக்கு நேர்கீழே சில்லென்றிருந்த தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்ளும்.

“வாங்க சார், உக்காருங்க” என்பார் சலூன்காரர், நாற்காலியைத் துண்டால் தட்டியபடி.

நாய் இழுத்து வந்ததால் வந்தேன் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. ஒரு ஆண்மகன், அதுவும் சட்டையை உள்ளே விட்டுப் பெல்ட் போட்டவன், அதை எப்படிச் சொல்வான்? பேசாமல் உட்கார்ந்துவிடுவார். சலூன்காரரும் பேசாமல் போர்வையைப் போர்த்திவிடுவார்.

இப்படி ஆனதற்கு அவருடைய தொழிலும் ஒரு காரணம். கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. வருகிறவரை இருட்டறையில் உட்காரவைத்து, மூக்கில் கனமான இரும்புச் சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பார்: “இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா? இதுவா? இல்ல, அதுவா?” ஆண்டுக்கணக்கில் இதையே கேட்டுக் கேட்டு அவர் வாயிலிருந்து கேள்வியைத் தவிர வேறெதுவும் வராமல் போய்விட்டது. சாப்பாட்டு மேஜையில், “தண்ணி குடிக்கட்டுமா?” என்று தன் டம்ளரைப் பார்த்தே கேட்பார். நாயிடமும் அப்படித்தான். “துரை, உக்கார்றியா? இல்ல, நிக்கிறியா? இந்தப் பக்கம் போலாமா? அந்தப் பக்கமா?” துரை ஒவ்வொரு கேள்வியையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு மூன்றாவதாக ஒரு பக்கம் போகும்.

மனைவிக்கு இந்தத் தொல்லை இல்லை. அவள் நகரப் பேருந்து ஓட்டுநர். துரை சோபாவில் ஏறிக்கொண்டிருந்தால் வாசலில் செருப்பைக் கழற்றியபடியே “ம்ம்” என்பாள். அவ்வளவுதான். துரை பெட்டிப்பாம்பாக இறங்கித் தன் சாக்கில் போய்ச் சுருண்டுகொள்ளும்.

“அது எப்படிம்மா உனக்கு மட்டும்?” என்று அவர் ஒருமுறை கேட்டார்.

“என் பின்னாடி அறுபது பேர் உக்காந்திருக்காங்க. ஒவ்வொருத்தரையும் எந்தப் பக்கம் திரும்பலாம்னு கேட்டா, டெப்போவ விட்டே வெளிய வர முடியாது.”

துரைதான் சலூனுக்கு இழுத்துப்போகிறது என்று அவர் கடைசியில் ஒப்புக்கொண்ட அன்று அவள் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

“புதுசா மின்சார பஸ் வந்திருக்கு. அதுக்குப் பயிற்சின்னு எங்கள வெளியூருக்கு அனுப்புறாங்க. ரெண்டு வாரம் நான் இருக்க மாட்டேன். நீங்களும் துரையும் மட்டும்தான்.”

கண்ணாடிக்காரர் துரையைப் பார்த்தார். துரை அவரைப் பார்த்தது. இருவரில் ஒருவர் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

“பூங்கா பக்கத்து மைதானத்துல ஞாயித்துக்கிழமை நாய்ப் பயிற்சி வகுப்பு நடக்குதாம். பேர் குடுத்துட்டேன்” என்றாள் அவள்.

“துரைக்கா?”

“உங்களுக்கு.”

வகுப்பு நடத்திய பெண்மணி குள்ளமானவர். தொப்பி போட்டிருந்தார். குரல், தூங்கும் குழந்தையின் அறையில் பேசுவது போல இருந்தது.

“நான் முன்னாடி மழலையர் பள்ளியில இருந்தேன்” என்று ஆரம்பித்தார். “அதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. இங்க கூட்டிட்டு வர்றவங்கதான் கொஞ்சம் அதிகமா அழுவாங்க.”

அது உண்மை என்பது சீக்கிரமே தெரிந்தது. கண்ணாடிக்காரருக்கு அடுத்து நின்றவர் கறிக்கடைக்காரர். ஆள் இரண்டு கதவு வைத்த பீரோ போல இருந்தார். அவருடைய நாய், ஒரு கையில் அடங்கும் வெள்ளைப் பஞ்சு உருண்டை. அது அவர் கால்சட்டை ஓரத்தைக் கவ்விக்கொண்டு தரையில் சறுக்கியபடியே வகுப்புக்கு வந்திருந்தது. “ராத்திரி என் தலையணையில அதுதான் மேடம் படுக்குது. நான் தரையில” என்று சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பயிற்சிக்காரர் எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்தார்.

“நாய்க்கு உங்க சத்தம் வேணாம். கோவம் வேணாம். அடி வேணவே வேணாம். எங்க போறோம்னு தெரிஞ்ச ஒரு ஆள் வேணும். அவ்வளவுதான். ஒரு சொல்லு, ஒரு தடவை. அப்புறம் அமைதி. தோள இறக்குங்க. மூச்ச விடுங்க. சார், மூச்ச விடச் சொன்னேன், நிறுத்தச் சொல்லல.”

கண்ணாடிக்காரர் மூச்சை விட்டார்.

“இப்ப நீங்க சொல்லுங்க. உக்காரு.”

அவர் தொண்டையைச் செருமினார். துரையின் கண்ணைப் பார்த்தார். “உக்கார்… றியா?”

“கேள்வியா கேக்காதீங்க.”

“உக்காரு… லாமா?”

வட்டத்தில் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். துரை ஒரு வண்ணத்துப்பூச்சியைப் பார்த்தது.

“சார்” என்றார் பயிற்சிக்காரர், குரலை இன்னும் தணித்து. “உங்களுக்கு ஒரே ஒரு வியாதிதான். கடைசியில வர்ற அந்த ‘ஆ’. அத வீட்டுலயே வச்சிட்டு வாங்க. நாய்கிட்ட பேசும்போது எந்தச் சொல்லும் ‘ஆ’ன்னு முடியக் கூடாது.”

கண்ணாடிக்காரர் அதை மனதில் ஓட்டிப்பார்த்தார். உண்மையான மாணவன் என்பதால் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“அப்ப ‘வா’ன்னு கூப்பிடறத என்ன பண்றது மேடம்?”

அந்த வகுப்பு தொடங்கி இத்தனை காலத்தில் பயிற்சிக்காரர் அமைதி இழந்து யாரும் பார்த்ததில்லை. அன்று அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

வகுப்பு முடிவதற்குள் இன்னொரு பாடமும் நடந்தது. நாய் இழுத்தால் எதிர்த்து இழுக்கக் கூடாது, திட்டக் கூடாது. அசையாமல் நின்றுவிட வேண்டும். கயிறு தளர்ந்து, நாய் திரும்பிப் பார்த்த பிறகுதான் நடக்க வேண்டும். “கயிறு இறுகினா நீங்க மரம். மரம் யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்காது” என்றார் பயிற்சிக்காரர்.

மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய மறுநாள் காலை கண்ணாடிக்காரர் மரமானார். வங்கி வாசலுக்கு எதிரே துரை ஒரு காகிதப் பொட்டலத்தை நோக்கி இழுத்தது. அவர் நின்றார். தோளை இறக்கினார். மூச்சை விட்டார். தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்த்தார். துரை இழுத்துக்கொண்டே இருந்தது. அவர் நின்றுகொண்டே இருந்தார்.

சற்று நேரத்தில் கைப்பை வைத்திருந்த ஒரு அம்மாள் அவருக்குப் பின்னால் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் கட்டுக்கட்டாகக் கோப்பு வைத்திருந்த ஒருவர். அவருக்குப் பின்னால் ஒரு தம்பதி.

“எப்ப திறப்பாங்க?” என்று அந்த அம்மாள் கேட்டார்.

மரம் பதில் சொல்லாது. கண்ணாடிக்காரர் தூரத்துப் புள்ளியையே பார்த்தார்.

“கேட்டா பதில் கூட இல்ல. உள்ள வேலை செய்யறவரா இருக்கும்” என்று கோப்புக்காரர் மெல்லச் சொன்னார். “ஆளப் பாருங்க, எவ்வளவு நிதானமா நிக்கிறாரு. இவரு பின்னாடி நின்னா வேலை நடக்கும்.”

வரிசை தெருமுனையைத் தொட்டது. என்ன கொடுக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். தெரியாது, ஆனால் தீர்ந்துபோவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று இன்னொருவர் சொன்னார். கடைசியில் துரைக்கு அலுத்துப்போய்க் கயிறு தளர்ந்தது. கண்ணாடிக்காரர் பயிற்சியில் சொன்னபடி ஒரு வார்த்தை பேசாமல் நடந்தார். நல்ல உள்ளம் கொண்ட சிலர் பின்னாலேயே வந்தார்கள். சைக்கிள் கடையைத் தாண்டிய பிறகுதான் அவர் யாருமில்லை, வெறும் நாயோடு நடக்கிறவர் என்று அவர்களுக்குப் புரிந்தது. அந்த அம்மாள் அவரைப் பார்த்த பார்வையை அவர் வெகுநாள் மறக்கவில்லை.

ஆனாலும் அவருக்கு உள்ளுக்குள் ஏதோ குளிர்ந்தது. தன் பின்னால் மனிதர்கள் நின்றார்கள்! நாய்தான் இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. சலூன் வாசலில் மரமாக நிற்பதற்குள் துரை கதவைத் திறந்துவிட்டிருந்தது. அன்றும் கிருதாவைச் சீர்செய்துகொண்டுதான் வந்தார்.

அந்தக் குளிர்ச்சியோடு வேலைக்குப் போனதுதான் வம்பாயிற்று. நாயிடம் வராத உறுதியை மனிதர்களிடம் பழகிப்பார்க்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. இருட்டறையில் முதலில் வந்து உட்கார்ந்தவர் ஒரு தையல்காரம்மா. கண்ணாடிக்காரர் லென்ஸைப் போட்டார். தோளை இறக்கினார்.

“இதுதான் தெளிவு” என்றார்.

“இல்லைங்களே, கொஞ்சம்…”

அவர் மூச்சை விட்டு, அமைதியாக அந்த அம்மாளின் நெற்றியைப் பார்த்தார்.

“ஆமாங்க. தெளிவாத்தான் இருக்கு” என்றார் தையல்காரம்மா.

வேலை சரசரவென்று ஓடியது. அரைமணி எடுக்கும் சோதனை ஒரு டம்ளர் தேநீர் குடிக்கும் நேரத்தில் முடிந்தது. கடை முதலாளி வந்து எட்டிப்பார்த்து, “என்னய்யா இன்னிக்கு? உள்ள போனவுடனே வெளிய வர்றாங்க!” என்று தோளில் தட்டினார். அன்று மதியம் வந்தவர்களில் சலூன்காரரும் ஒருவர்.

“சார், செய்தித்தாள்ல எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருது. கத்தரி முனை கூட சரியாத் தெரியல. நம்ம தொழிலுக்கு அது ஆகாதே” என்று சிரித்தார்.

கண்ணாடிக்காரர் லென்ஸைப் போட்டார். “இதுதான் உங்க கண்ணாடி.”

“அப்படிங்களா? கொஞ்சம் பெருசா…”

“இதுதான்.”

சலூன்காரர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக எழுந்துபோனார். “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்.”

அந்த வாரம் முழுக்க மழை தூறியது. அவர் துரையைக் குடியிருப்பைச் சுற்றியே நடக்கவிட்டார். சுற்றியபடியே பழகினார். “உக்காரு” என்பதை ‘ஆ’ இல்லாமல் சொல்லக் கற்றுக்கொண்டார். ஆனால் அவர் உறுதியாகச் சொல்லச் சொல்லத் துரை உறுதியாக நின்றது. கண்ணாடி முன்னால் நின்று முகத்தைக் கல் மாதிரி வைத்துப் பழகினார். துரை பக்கத்தில் வந்து அதே முகத்தை வைத்துக்கொண்டது. அதற்கு அது கூடுதலாகப் பொருந்தியது. இரவில் மனைவி தொலைபேசியில் கேட்டாள்.

“எப்படிப் போகுது?”

“நல்லாப் போகுது. இப்ப நான் ரொம்ப மாறிட்டேன்.”

“துரை?”

“அது மாறல.”

தூறல் விட்ட காலையில் துரை நேராக சலூனுக்கு இழுத்தது. மரமாக நிற்கும் முயற்சியில் கண்ணாடிக்காரர் சற்றுத் தூரம் மரமாகவே சறுக்கிப்போனார். உள்ளே நுழைந்தவருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

காத்திருக்கும் பெஞ்சில் தபால்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் மீசையின் வலதுபுறம் வழக்கம்போல முறுக்கேறி இருந்தது. இடதுபுறம் மீசை இருந்த இடம் மட்டும் இருந்தது. அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு, நடந்ததை நம்ப மறுப்பவர் போல வலது நுனியைத் தடவிக்கொண்டிருந்தார். நாற்காலியில் இருந்த இன்னொருவரின் காதுக்குள் சலூன்காரர் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் தெரிந்தது. உண்மையில் அவர் கிருதா வெட்டிக்கொண்டிருந்தார். புதுக் கண்ணாடி மாட்டியிருந்தார். அதற்குப் பின்னால் அவர் கண்கள் இரண்டு கோலிக்குண்டுகளாகப் பெருத்துத் தெரிந்தன. ஒவ்வொரு வெட்டுக்கும் மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்தார். அந்தத் தூரத்தில் மட்டுமே அவருக்கு ஏதாவது தெரிந்தது.

“அடுத்து யாரு? சாரா? வாங்க சார், உக்காருங்க” என்று அவர் துணி மாட்டும் கொக்கியைப் பார்த்து அன்பாக அழைத்தார்.

காலியான நாற்காலியில் கண்ணாடிக்காரர் உட்கார்ந்துவிட்டார். பழக்கதோஷம். போர்வை கழுத்தில் விழுந்தது. துரை மின்விசிறிக்குக் கீழே படுத்தது.

“சார், ஒண்ணு சொல்லணும்” என்றார் சலூன்காரர், சவரக்கத்தியைத் தோல்வாரில் தீட்டியபடி. அவர் குரல் இறங்கியிருந்தது. “இந்த வாரம் கை சரியில்ல. தபால்காரர் மீசைய நீங்களே பாத்திருப்பீங்க. நேத்து ஒருத்தர் அழுதுட்டே போனாரு. கண்ணாடி மேல தப்பு இல்ல, நீங்க அவ்வளவு உறுதியாச் சொன்னீங்க. அப்ப என் மேலதான் தப்பு. போதும்னு தோணுது சார். கடைய மூடிடலாம்னு வீட்டுலயும் சொல்லிட்டேன்.”

கண்ணாடிக்காரர் அந்தக் கோலிக்குண்டுகளை நிமிர்ந்து பார்த்தார். தான் போட்ட லென்ஸ் அவர் கண்ணுக்கு இருமடங்கு அதிகம் என்பது இந்தத் தூரத்திலிருந்து பார்க்கும்போதே தெரிந்தது. கொஞ்சம் பெருசா என்று அந்த மனிதர் சொல்லவந்ததும், தான் தோளை இறக்கி மூச்சை விட்டதும் நினைவுக்கு வந்தன. போர்வைக்குள்ளே அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கத்தி மேலே எழுந்தது. சலூன்காரர் அவருடைய காது எங்கே என்று மூக்கால் தேட ஆரம்பித்தார்.

“நிறுத்துங்க” என்றார் கண்ணாடிக்காரர்.

சத்தமாகச் சொல்லவில்லை. தோளை இறக்கவோ புள்ளியைப் பார்க்கவோ அவருக்கு நினைவில்லை. இது நடக்கக் கூடாது என்று தெரிந்ததால் சொன்னார், அவ்வளவுதான். சலூன்காரர் கத்தியோடு சிலையாக நின்றார். தன் மீசைக்கு இனி என்ன செய்யலாம் என்று கேட்க எழுந்துவந்த தபால்காரர் சட்டென்று பெஞ்சில் உட்கார்ந்தார். கிருதாவைத் தடவிக்கொண்டு கதவுவரை போயிருந்தவரும் திரும்பிவந்து உட்கார்ந்தார்.

துரையும் எழுந்து, வாலை ஒழுங்காகச் சுற்றிவைத்து, நேராக உட்கார்ந்தது.

கண்ணாடிக்காரர் போர்வையோடு எழுந்தார்.

“அண்ணே, தப்பு உங்க கை மேல இல்ல. என் மேல. அந்தக் கண்ணாடி தப்பு. உங்களக் கேக்காமலே நான் முடிவு பண்ணிட்டேன்.” ஒருமுறை ஆரம்பித்ததும் மிச்சமும் வந்துவிட்டது. “இன்னொண்ணு. எனக்கு முடி வெட்ட வேணாம். ஒரு மாசமா வேணாம். நான் வெட்டிக்க வரவே இல்ல. இந்த நாய் இழுத்துட்டு வருது. சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

சலூன்காரர் கண்ணாடியைக் கழற்றினார். கோலிக்குண்டுகள் மறைந்து சாதாரணக் கண்கள் வந்தன. அவை மெல்லச் சுருங்கின. பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது.

“சார், நானும் என் வீட்டுக்காரியும் உங்களப் பத்தி எவ்வளவு கவலப்பட்டோம் தெரியுமா? வீட்டுல ஏதோ பிரச்சனை, பேச ஆள் இல்லாம வர்றாருன்னு நெனச்சோம். வெட்ட ஒண்ணும் இல்லைன்னாலும் வெறும் கத்தரியச் சத்தம் மட்டும் போடுவேன். மனசு நோகக் கூடாதுன்னு.”

“வெறும் சத்தமா?”

“கடைசி ரெண்டு மூணு தடவ சத்தம்தான் சார்.”

தபால்காரர் பாதி மீசையோடு சிரித்தார். சிரிப்பு அடங்கியபோது கண்ணாடிக்காரர் கேட்டார்.

“ஆனா இந்த நாய் ஏன் இங்கயே வருது? எல்லாக் கடையிலயும்தான் மின்விசிறி இருக்கு.”

சலூன்காரர் தலையைச் சொறிந்தார். சீப்பு வைக்கும் இழுப்பறையைத் திறந்தார். சீப்புகளுக்கு நடுவே ஒரு பிஸ்கட் பொட்டலம் இருந்தது. இழுப்பறைச் சத்தம் கேட்டதுமே துரை எச்சில் ஒழுக அவர் காலடிக்கு வந்துவிட்டது.

“நல்ல புள்ள சார். வந்தவுடனே கத்தாம படுத்துக்குமா, அதான் தினமும் ஒண்ணு குடுப்பேன். உங்க பின்னாடி இருந்து குடுப்பேன், உங்களுக்குத் தெரியாது.”

அன்று சலூன் கதவில் பூட்டு தொங்கியது. சலூன்காரர், தபால்காரர், துரை என்று எல்லோரையும் அழைத்துக்கொண்டு கண்ணாடிக்காரர் கடைக்குப் போனார். முதலாளி நாயைப் பார்த்து வாயைத் திறந்தார். “இன்னிக்கு மட்டும்” என்றார் கண்ணாடிக்காரர். முதலாளி வாயை மூடிக்கொண்டார்.

இருட்டறையில் சலூன்காரர் மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

“இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?”

“அது.”

“இப்ப? இதுவா, அதுவா?”

“ரெண்டும் ஒண்ணுதான் சார்.”

“அவசரமே இல்ல. இன்னொரு தடவ போடட்டுமா?”

கேட்கக் கேட்க அவருக்குச் சுகமாக இருந்தது. இங்கே இருக்க வேண்டிய ‘ஆ’ இதுதான். எதிரில் இருப்பவரின் கண்ணுக்குள் தான் போய்ப் பார்க்க முடியாது. கேட்டால்தான் தெரியும். அன்றே தையல்காரம்மாவையும், அந்த வாரம் கேட்காமலே அவர் முடிவு செய்துவிட்ட மற்றவர்களையும் தொலைபேசியில் அழைத்தார். தையல்காரம்மா வந்தபோது கையில் ஒரு சட்டை வைத்திருந்தார். அதற்கு மூன்று கை இருந்தது. “நல்லவேளை கூப்பிட்டீங்க. நாலாவதையும் வெட்டி வச்சிருந்தேன்” என்றார். முதலாளி எல்லா லென்ஸையும் மாற்றித் தரவேண்டியிருந்தது. சில நாள் அவர் கண்ணாடிக்காரரின் தோளில் தட்டவில்லை.

அடுத்த ஞாயிறு வகுப்பில் பயிற்சிக்காரரிடம் நடந்ததைச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அன்னிக்கு ஏன் மேடம் உக்காந்துச்சு? நான் அதுகிட்ட ஒண்ணுமே சொல்லலையே.”

“அன்னிக்கு நீங்க நடிக்கல” என்றார் அவர். “இவ்வளவு நாளா உறுதியா இருக்கற மாதிரி முகத்த வச்சிருந்தீங்க. நாய்க்கு முகம் எதுக்கு? நீங்க முடிவு பண்ணிட்டீங்களா இல்லையான்னு மட்டும்தான் அதுக்குத் தெரியணும்.” பிறகு பக்கத்தில் பார்த்து, “சார், நீங்க ஏன் அழுறீங்க?” என்றார்.

“என் நாய் நேத்து தலையணையில பாதிய விட்டுக்குடுத்துச்சு மேடம்” என்றார் கறிக்கடைக்காரர்.

மறுநாளிலிருந்து சலூன்காரரும் ஒத்துழைத்தார். துரை வரும் நேரத்தில் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். பிஸ்கட் பொட்டலம் கண்ணாடிக்காரர் சட்டைப்பைக்கு வந்துவிட்டது. சலூன் வாசலில் துரை இழுத்தது. அவர் நின்றார். முகத்தைக் கல்லாக்கவில்லை. சலூனுக்குப் போகப்போவதில்லை என்று தெரிந்தவராக, எதிர்க் கட்டடத்தில் ஒருவர் சாளரம் துடைப்பதை வேடிக்கை பார்த்தபடி நின்றார். துரை இழுத்தது. முனகியது. செய்தித்தாளுக்குப் பின்னால் இருப்பவர் யாரென்று தனக்குத் தெரியும் என்பது போல ஒருமுறை குரைத்தது. செய்தித்தாள் நடுங்கியது, ஆனால் இறங்கவில்லை. கடைசியில் துரை திரும்பி அவரைப் பார்த்தது.

“வா” என்றார் அவர். பிஸ்கட் ஒன்று கைமாறியது. துரை வந்தது.

வந்துவிட்டது என்றதும் அவருக்கு ஒரு புதுச் சிக்கல். சலூனைத் தாண்டி அவர் இந்தத் தெருவில் போனதே இல்லை. எங்கே போவது? துரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தது. இத்தனை நாள் எங்கே போவது என்ற கவலையை அதுதான் தனியாகச் சுமந்தது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பாவம், சைக்கிள் கடையும் குப்பைத்தொட்டியும்தான் அதற்குத் தெரிந்தது. அவர் யோசித்து, தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டுப்பக்கம் போனார். அங்கே காற்று நன்றாக இருந்தது. துரை மடங்கிய காதையும் நிமிர்த்தி அதை முகர்ந்தது.

மனைவி பயிற்சி முடிந்து வந்த மாலை, பெட்டியைக் கூடத் திறக்காமல், “நடங்க, பாக்கலாம்” என்றாள். மூவரும் இறங்கினார்கள். கயிறு அவர் கையில் தொய்வாகத் தொங்கியது. அவள் அதையே கவனித்துக்கொண்டு வந்தாள். புது பஸ்ஸைப் பற்றி மட்டும் பேசினாள்.

“சத்தமே இல்லைங்க அது. கிளம்பிடுச்சா நிக்குதான்னே தெரியல. முதல் நாள் நின்னுட்டிருந்த பஸ்ஸுல கால் மணி நேரம் ஸ்டியரிங்கப் புடிச்சு ரொம்ப கவனமா ஓட்டிட்டிருந்தேன்.”

“யாரும் சொல்லலையா?”

“பின்னாடி உக்காந்திருந்த பயிற்சியாளரும் நல்லா ஓட்டறீங்கன்னுதான் சொன்னாரு.”

தெரு இரண்டாகப் பிரிந்தது. துரை நின்று நிமிர்ந்து பார்த்தது. அவளும் நின்று பார்த்தாள்.

“இடது பக்கம்” என்றார் கண்ணாடிக்காரர்.

இடதுபக்கம் திரும்பி நடந்தார்கள். இரண்டு பக்கமும் மதில், ஜன்னலில் காயும் துணி, ஒரு பூனை. வளைவைத் தாண்டியதும் தெரு முடிந்துபோயிற்று. எதிரே ஒரு நெட்டைச் சுவர். முட்டுச்சந்து.

அவர் சுவர்வரை போனார். துரையும் போய்ச் சுவரை முகர்ந்தது. மனைவியும் வந்து பக்கத்தில் நின்றாள். மூவரும் கொஞ்ச நேரம் அந்தச் சுவரைப் பார்த்தார்கள்.

“சுவர் நல்லா கட்டியிருக்காங்க” என்றாள் அவள்.

“ம்ம்” என்றார் அவர்.

பிறகு திரும்பினார். துரை ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பி, அவர் காலோடு ஒட்டி நடந்து வந்தது.